ஏற்றுமதிக்கு ஒரு இறால், நமக்கு ஒரு இறாலா?

போடி பக்கத்து ராசிங்காபுரத்துக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடலே இல்லாத ஊர்தான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்குப் பழகிப் போகும். பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று 2018 வாக்கில் சவுதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் நமக்கு உறைத்தது. இறாலிலும் அதே கதைதான்.

நாகப்பட்டினம் பக்கத்து இறால் குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா எப்போதும் இருக்கும். அளவுக்கு மீறிக் குஞ்சு விட்டு, மிச்சத் தீவனமும் கழிவும் அடியில் சேறாகத் தங்கினால் அது பெருகும். இறால் சாகும். கடன் வாங்கிப் போட்ட முதல் செத்துக் கரை ஒதுங்கும்போது, 'தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து போடுங்க' என்று யாராவது சொன்னால் விவசாயி என்ன செய்வார்? போடுவார்.

ஆனால் நோய் வந்த இறால் சரியாகச் சாப்பிடாது. மருந்து தண்ணீரில் கரையும், வாய்க்காலுக்குப் போகும். அதில் தப்பிக்கிற கிருமி மருந்துக்குப் பழகும். பழகிய வித்தையை மனிதனைத் தாக்குகிற கிருமிக்கும் கற்றுக்கொடுக்கும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு டாக்டர் எழுதுகிற மாத்திரை கேட்காமல் போவது இப்படித்தான். இன்னும் ஒரு கூத்து. 1994-95-இல் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் போடுவது காசைக் குட்டையில் கொட்டுவதற்குச் சமம்.

அப்படியானால் புரோபயாடிக்? நல்லதுதான். நன்மை செய்கிற பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னும், விப்ரியோவோடு இடத்துக்கும் இரைக்கும் மல்லுக்கட்டும். ஆனால் அது வருமுன் காப்பது. நோய் முற்றிய பிறகு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் அற்புதம் நடக்காது. ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டால், நெல் விதைத்த கையோடு களைக்கொல்லி அடித்த மாதிரிதான். குஞ்சைக் குறைத்து, தீவனத்தை அளந்து, சேற்றை அகற்றினால்தான் புரோபயாடிக்குக்கும் மரியாதை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1996-இல் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்ற மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற வளர்ப்பு இறாலை அறுவடைக்கு முன்பே சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அப்படியும் நம்பாமல், 2016-இல் ஐரோப்பிய யூனியன் தன் எல்லையில் சோதிக்கிற இந்திய இறாலின் அளவை 10 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக உயர்த்தியது.

இப்போது சொல்லுங்கள். உங்கள் தெரு மீன்கடை இறாலுக்கு யார் சான்றிதழ் கேட்டார்கள்? நீங்கள் கேட்டதுண்டா? நம்ம ஊர் உணவுச் சட்டத்திலும் எச்சத்துக்கு வரம்பு இருக்கிறது. ஏட்டில்!

விவசாயியை மட்டும் குற்றவாளியாக்கித் தப்பிக்க வேண்டாம். தடை செய்த மருந்தை விற்கிறவனைப் பிடியுங்கள். பாக்கெட்டில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதா, வெறும் மாவா என்று சோதியுங்கள். ஐரோப்பாக்காரன் குடலுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை நம் குடலுக்கும் காட்டுங்கள். அதுவரை மீன்கடையில் விலையை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பண்ணை, என்ன மருந்து என்றும் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதில் வரும்.