முத்திரை கிளாசுக்கு! நுரைக்கு யார் முத்திரை போடுவது?

லண்டன் மதுக்கடையில் பீர் ஊற்றிக் கொடுக்கும் கிளாசுக்கும் சட்டம் உண்டு. அளவு மெஷின் இல்லாத கடையில், கிளாசில் முத்திரை இருந்தே ஆக வேண்டும். முத்திரை இல்லாத கிளாசில் அளந்து கொடுத்தால் கடைக்காரர் மேல் கேஸ்தான்!

அங்கே ஒரு 'பைன்ட்' என்றால் 568 மில்லி. அந்த அளவு சரி என்பதற்கு சாட்சிதான் முத்திரை.

இது இன்று நேற்று வந்ததல்ல. 17-ம் நூற்றாண்டின் கடைசியில், மூன்றாம் வில்லியம் ராஜா ஆட்சியிலேயே கிரீட முத்திரை வந்துவிட்டது. கடைக்காரர் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி ஏமாற்றக்கூடாது என்பதுதான் காரணம்.

கிரீடம் போச்சு!

2006-ல் ஐரோப்பிய விதி அமலுக்கு வந்தது. புது கிளாஸ்களில் கிரீடம் போய் 'சி.இ.' என்ற எழுத்து வந்தது. கூடவே 'எம்' என்ற எழுத்து, வருஷம், சோதனை அமைப்பின் நம்பர். "நம்ம கிரீடத்தைப் பறிச்சுட்டாங்களே" என்று பிரிட்டனில் ஒரே கூச்சல்!

2020-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியது. மறு வருஷமே 'கிரீடம் திரும்ப வருது' என்று அரசு அறிவித்தது.

ஆனால் விஷயம் என்ன தெரியுமா? இந்தக் கிரீடம் வெறும் அழகுக்குத்தான்! புது கிளாசில் சட்டப்படி செல்லுவது 'சி.இ.' அல்லது பிரிட்டனின் 'யு.கே.சி.ஏ.' முத்திரைதான். கிரீடம் மட்டும் இருந்தால் போதாது.

குடிக்கிறவருக்குக் கிரீடமா முக்கியம்? கொடுத்த காசுக்கு சரக்கு முழுசா வந்ததா என்பதுதானே முக்கியம்!

நுரைக் கணக்கு

கிளாசில் இரண்டு வகை. ஒன்று, விளிம்பு வரை நிரப்பினால்தான் ஒரு பைன்ட். இன்னொன்று கொஞ்சம் பெரிசு. உள்ளே கோடு இருக்கும். கோடு வரை பீர், அதற்கு மேலே நுரை.

விளிம்பு கிளாசில்தான் வம்பு. அதில் 5 சதவீதம் வரை நுரை இருக்கலாம் என்பது அங்குள்ள மது வியாபாரிகளின் வழிகாட்டு விதி. 5 சதவீதம் என்றால் 28 மில்லி. "இதுக்குப் போயா?" என்று கேட்கலாம். 20 கிளாஸ் குடித்தால் ஒரு முழு கிளாஸ் காசு நுரையில் போச்சே! கடைக்காரருக்கோ நாளெல்லாம் அது லாபம்.

"நிரப்பிக் கொடு" என்று கேட்டால் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்லுகிறது. கூட்ட நேரத்தில் எத்தனை பேர் கேட்பார்கள்? கேட்க வெட்கப்படுகிறவர் காசு போகிறது.

நுரை இருந்தால்தான் ருசி என்கிறார்கள். இருக்கட்டுமே! நம்ம டீக்கடையிலும் நுரை பொங்க ஆத்தினால்தான் டீ. ஆனால் நுரை டீக்கு மேலே இருக்க வேண்டும். டீக்கு பதிலாக அல்ல. கோடு போட்ட கிளாசைக் கட்டாயமாக்கினால் தகராறே இல்லை. கிரீடத்துக்குக் காட்டிய அக்கறையை அரசு இந்தக் கோட்டுக்குக் காட்டியிருக்கலாம்!

நமக்கும் இதில் பாடம் உண்டு. இங்கேயும் 2009-ம் வருஷ எடையளவுச் சட்டப்படி தராசு, படிக்கல், பெட்ரோல் பம்பு எல்லாவற்றுக்கும் முத்திரை உண்டு. முத்திரை ஆய்வாளர் தராசைத்தான் சோதிப்பார். தினமும் நிறுக்கும் கையை நாம்தான் பார்க்க வேண்டும்.

முத்திரையைப் பாருங்க. முள்ளையும் பாருங்க. குறைஞ்சா வெட்கப்படாம கேளுங்க!