கழுத்துக் குழாயோடு அருவிக்குக் கூட்டிப் போகாதீர்கள்

அன்பு மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

பெரியண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் சொன்னது ஒன்றுதான்: "கிட்னி போனா அவ்வளவுதான் சார், விதி." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டயாலிசிஸ் வாரம் மூன்று தரம் ஒழுங்காகத்தான் நடந்தது. அண்ணன் இறந்தது இரத்தத்தில் கிருமி ஏறி.

கழுத்தில் போடும் குழாயின் உள்நுனி இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, அந்தக் குழாய் வழியே நேராக இரத்தத்தில் இறங்கிவிடும்.

சாரல் நேரம். வெளியூர்ச் சொந்தங்கள், "குத்தாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணில்லா, ரெண்டு தரம் தலையக் காட்டுங்க அண்ணாச்சி" என்று ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான்தான். நனைந்த கட்டை மறுநாள்வரை யாரும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் டயாலிசிஸ் ஓடும்போதே குளிர் நடுக்கம்.

அருவியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் செய்த இடத்தில், ஒரு கட்டிலில் போட்ட கையுறையோடே அடுத்த கட்டிலுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். எதில் வந்தது என்று தெரியாது; இரண்டுக்கும் நான் சாட்சி. திங்கட்கிழமைதோறும் உங்கள் கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்த வாத்தியாருக்கு, "கை கழுவிட்டு வாம்மா" என்று சொல்ல அங்கே வாய் வரவில்லை. கோபித்துக்கொண்டு கவனிக்காமல் விட்டுவிட்டால்?

கழுத்துக் குழாய் அவசரத்துக்குப் போடுவது. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முறை 1966-லேயே வந்துவிட்டது. அதில் இந்தத் தொற்று மிகக் குறைவு. ஆனால் அறுவை செய்து, அது ஊசி குத்தப் பக்குவப்பட ஒன்றரை, இரண்டு மாதமாவது வேண்டும். டாக்டர் முன்கூட்டியே சொன்னார். நாங்கள்தான் நாட்டு மருந்தில் எட்டு மாதத்தைக் கரைத்தோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியாட்டினின் ஏறுகிறதென்றால் ஃபிஸ்டுலா பற்றி இப்போதே கேளுங்கள். அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள். குழாய் இருந்தால் தொடுகிறவர் கை கழுவினாரா, மூடியை மருந்து போட்டுத் தேய்த்தாரா, திறக்கும்போது அவரும் நோயாளியும் மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வாயைத் திறந்து கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். நடுக்கம் வந்தால் பாராசிட்டமாலைக் கொடுத்துப் படுக்க வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சாரலுக்கும் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். குழாய் போட்டவரைக் கூட்டி வந்தால், பேரருவிப் பக்கம் வண்டியை நிறுத்தி உள்ளே இருந்தபடியே பார்க்க வையுங்கள். இறங்க விடாதீர்கள்.