எக்ஸ்ரேக்குத் தெரியாத எலும்புப் பலவீனம்

அரச வைத்தியசாலைகளுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுப்பது எமது சமூகத்தின் நல்ல வழக்கங்களில் ஒன்று. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தபோது அதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. ஸதகதுல் ஜாரியா என்ற நிய்யத்தில் கொடுப்பவர்கள் பல வருடம் நின்று பயன்தரும் கருவியையே விரும்புவது இயல்புதான். ஆனால் குறைமாதக் குழந்தைகளின் எலும்பு விடயத்தில் இந்தக் கணக்கு சரிவராது.

கருவிலுள்ள குழந்தைக்குச் சேரும் கல்சியம், பொஸ்பரஸ் என்பவற்றில் சுமார் 80 வீதம் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து போகிறது. 28 வாரத்துக்கு முன்னர் பிறக்கும் குழந்தைக்கு அதில் பெரும்பகுதி கிடைப்பதில்லை. பிறந்த பின்னர் வாரக்கணக்கில் நாளத்தின் வழியாக ஏற்றும் உணவும், நுரையீரலுக்காகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்துகளும் எலும்பை மேலும் மெலிய வைக்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத் தூக்கும்போதே விலா எலும்பு முறியலாம். வீட்டுக்கு வந்தபின் அப்படியொரு முறிவு தெரியவந்தால், அடித்தார்களோ என்ற சந்தேகம் பெற்றோர் மீது விழும்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? எலும்பின் கனிமத்தில் 20 முதல் 40 வீதம் வரை குறைந்த பிறகே அதில் மாற்றம் தெரியும். டெக்ஸா ஸ்கேன் இதைவிட நுட்பமானது. ஆனால் சுவாசக் கருவியிலுள்ள 800 கிராம் குழந்தையை இன்கியுபேட்டரிலிருந்து எடுத்து அந்த இயந்திரம்வரை யார் கொண்டுபோவது? முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் ஒலியின் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் கட்டிலருகிலேயே செய்யக்கூடியது, கதிர்வீச்சும் இல்லை. இருந்தும் அதை மட்டும் நம்பி வைத்தியர்கள் முடிவெடுப்பதில்லை.

ஆகவே முதலில் பார்ப்பது இரத்தத்தைத்தான். பொஸ்பேட் குறைந்து, அல்கலைன் பொஸ்பட்டேஸ் கூடியிருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சந்தேகிக்கலாம். சிகிச்சையும் பெரிய இயந்திரமல்ல: தாய்ப்பாலில் கலக்கும் செறிவூட்டி, பொஸ்பேட், விற்றமின் டி. (தாய்ப்பால் குறையுள்ளது என்று யாரும் விளங்கிவிட வேண்டாம். இவ்வளவு சிறிய உடலுக்கு அதிலுள்ள கனிமம் மட்டும் போதாது, அவ்வளவுதான்.)

இவை அன்றன்றே தீர்ந்துபோகும் பொருட்கள். பெயர்ப்பலகை மாட்ட இடமில்லை. பணம் திரட்டும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், இயந்திரத்துக்கு விலை கேட்குமுன் குழந்தை நல விசேட வைத்தியரிடம் இந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும். தாய்ப்பால் பாதுகாப்புச் சட்டக்கோவை இருப்பதால், பால் சம்பந்தப்பட்ட எதையும் வைத்தியசாலை நிர்வாகத்தைக் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது.

குறைமாதக் குழந்தையுடன் வீடு திரும்பும் பெற்றோர், கடைசியாக எடுத்த பொஸ்பேட் அளவையும் அடுத்த பரிசோதனைத் திகதியையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர் திறந்து பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.