தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம் யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரைப் பார்த்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பிராசசர்?" என்பதுதான். நாமும் ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த ஒரு பெயர் முழுமையான விடை அல்ல. உங்கள் மொபைல் போன், டிவி பாக்ஸ், ஏன், மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரையே எடுத்துக் கொண்டாலும், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் வேலை செய்கின்றன. பல நேரங்களில் அவை ஒரே சிப்பில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இவை தமக்குள் எப்படிப் பேசிக் கொள்கின்றன என்பது இன்ஜினியர்களுக்கு மட்டுமான விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சாதனம் எவ்வளவு தூரம் உங்களுடையது என்பது அங்கேதான் தெரிய வருகிறது.

பேசிக் கொள்ளும் வழிகளில் ஒன்றின் பெயர் மெயில் பாக்ஸ். இ-மெயிலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது சிப்பிலேயே அமைந்த ஒரு சிறிய ஹார்ட்வேர் தபால் பெட்டி. ஒரு பிராசசர் இதில் ஒரு எண்ணைப் போடும். உடனே ஹார்ட்வேர் அடுத்த பிராசசருக்கு மணி அடிக்கும். இதனை இன்டரப்ட் என்பார்கள். அது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எண்ணை எடுத்துப் படிக்கும்.

இரண்டும் ஒரே மெமரியைத்தானே பயன்படுத்துகின்றன, அதிலேயே எழுதி வைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எழுதி வைக்கலாம். ஆனால் எழுதியிருப்பது அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? ஓயாமல் எட்டிப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் வீண், நேரமும் வீண். அதனால் நீளமான விஷயத்தை மெமரியில் வைத்துவிட்டு, "இந்த முகவரியில் வைத்திருக்கிறேன், போய்ப் பார்" என்ற துண்டுச் சீட்டை மட்டும் பெட்டியில் போடுகிறார்கள்.

2012 பிப்ரவரியில் வெளியான ராஸ்பெரி பை போர்டு இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள பிராட்காம் சிப்பில் லினக்ஸ் இயங்கும் ஆர்ம் பிராசசர் ஒரு பக்கம். வீடியோகோர் என்னும் கிராபிக்ஸ் பிராசசர் மறுபக்கம். நடுவே மெயில் பாக்ஸ். இதில் போடும் சீட்டு 32 பிட் எண். கடைசி 4 பிட்கள் எந்தப் பிரிவுக்கான கடிதம் என்று சொல்லும். மீதி 28 பிட்கள் முகவரிக்கு. 28 பிட்டில் முழு முகவரி எப்படி அடங்கும்? கடிதத்தை 16-ன் மடங்கான முகவரியில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. அப்போது முகவரியின் கடைசி 4 பிட்கள் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். அந்த இடத்தில்தான் பிரிவு எண் குடியேறுகிறது. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே மெமரி இடத்திற்கு ஆர்ம் ஒரு முகவரியும் வீடியோகோர் வேறு முகவரியும் வைத்திருக்கின்றன. நம் தெருக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்குமே, அதுபோல. பழைய எண்ணைக் கொடுத்தால் தபால்காரர் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார். போதாக்குறைக்கு, ஆர்ம் எழுதிய கடிதம் மெமரிக்குப் போய்ச் சேராமல் அதன் கேஷ் மெமரியிலேயே தங்கிவிடவும் வாய்ப்புண்டு. வீடியோகோர் போய்ப் பார்த்தால் பழைய குப்பைதான் இருக்கும்.

பெட்டி நிரம்பினால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு சிப்பிலும் ஒரு மாதிரி. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ன் செல் பிராசசரில், ஒவ்வொரு துணைப் பிராசசருக்கும் உள்ளே வரும் பெட்டியில் 4 சீட்டுகளுக்கு இடம். வெளியே போகும் பெட்டியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம். அந்த ஒன்றை எதிர்த் தரப்பு எடுக்கும் வரை, அடுத்த சீட்டைப் போட வந்த துணைப் பிராசசர் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது ஏற்பாடு. இனி என் குறைக்கு வருகிறேன்.

ராஸ்பெரி பைக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது ஆர்ம் என்றுதானே நினைப்போம்? இல்லை. வீடியோகோர்தான் முதலில் விழிக்கிறது. தன் சாஃப்ட்வேரைத் தானே ஏற்றிக் கொண்டு, மெமரியில் தனக்கு ஒரு பங்கை ஒதுக்கிக் கொண்டு, பிறகுதான் ஆர்மை எழுப்பிவிடுகிறது. வெப்பநிலை எவ்வளவு, கடிகார வேகம் எவ்வளவு, போர்டின் சீரியல் எண் என்ன என்று எதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானாலும் லினக்ஸ் கடிதம் போட்டுக் கேட்கலாம். மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் ஒரு மின்னல் குறி வருமே, பழைய போர்டுகளில் அதனை வரைவது லினக்ஸ் அல்ல. வீட்டுக்காரர் என்று நாம் நினைத்திருந்த ஆர்ம், சரியாகச் சொன்னால், வாடகைக்கு இருப்பவர்.

2012 ஆகஸ்ட்டில் எம்பெக்-2 வீடியோவுக்கான லைசென்ஸ் விற்பனைக்கு வந்தது. விலை 2.40 பவுண்ட். அந்த வீடியோவை இயக்கும் திறன் ஏற்கெனவே சிப்பில் இருந்தது. போர்டின் சீரியல் எண்ணுக்கென்று தயாரித்த சாவி எண்ணைக் கொடுத்தால்தான் வீடியோகோர் அந்த வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் லினக்ஸ் எத்தனை முறை கேட்டாலும் கிடையாது. எம்பெக்-2 காப்புரிமைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்ற நியாயம் இதற்கு உண்டு. விரும்பாதவர்கள் தலையில் அந்தச் செலவைக் கட்டவில்லை என்பதும் சரிதான். ஆனால் சாவி யார் கையில் என்பது தெரிந்து போயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில், ஆர்ம் பக்கத்து கிராபிக்ஸ் டிரைவர்கள் முழுவதும் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டன என்று பெருமையுடன் அறிவித்தார்கள். லினக்ஸ் கிராபிக்ஸ் புரோகிராமர்கள் திறந்து பார்த்தனர். அந்த டிரைவர் பெரும்பாலும் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போடும் வேலையைத்தான் செய்தது. படம் வரையும் மூளை முழுவதும் அந்தப் பக்கம், மூடிய சாஃப்ட்வேரில். கண்டனம் எழுந்தது, எழ வேண்டியதுதான். தபால்காரரின் சீருடையைக் காட்டிவிட்டு, கடிதத்தையே படித்துக் காட்டிவிட்டேன் என்று சொல்லலாமா?

நல்ல வேளையாகக் கதை அதோடு நிற்கவில்லை. 2014 பிப்ரவரியில் பிராட்காம் அந்த கிராபிக்ஸ் பகுதியின் ஆவணத்தை வெளியிட்டது. அதனை வைத்து ராஸ்பெரி பையில் க்வேக் 3 விளையாட்டை இயக்கிக் காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். ஒரு மாத அளவிலேயே ஒருவர் செய்து முடித்தார். 2016 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.4-ல் இதற்கான திறந்த டிரைவர் இடம்பெறத் தொடங்கியது. ஆவணம் கிடைத்தால் வெளியில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் வீடியோகோரின் முக்கிய சாஃப்ட்வேர் இன்றும் மூடியேதான் இருக்கிறது.

"எனக்கு எதற்கு இது, நான் வைத்திருப்பது சாதாரண கம்ப்யூட்டர்" என்கிறீர்களா? இன்டெல் சிப்செட்களில் மேனேஜ்மெண்ட் இன்ஜின் என்று ஒரு தனிக் குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. விண்டோஸ் இதனுடன் செய்திகள் மூலம்தான் பேசும். இதன் பிற்காலப் பதிப்புகளில் மினிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது என்று 2017-ல் தெரிய வந்தபோது, மினிக்ஸை எழுதிய ஆண்ட்ரூ டானன்பாமே இன்டெல்லுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே 2017 மே மாதம், இதன் மேல் இயங்கும் தொலைநிர்வாக வசதியில், பாஸ்வேர்டுக்குரிய பதிலைக் காலியாக அனுப்பினாலே உள்ளே விடும் ஓட்டை வெளியானது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள்தான் பாதிக்கப்பட்டன, வீட்டுப் பயனாளர்கள் தப்பினார்கள். ஆனால் அது பல ஆண்டுகளாக அங்கே இருந்த ஓட்டை.

மூடி வைப்பதுதான் பாதுகாப்பு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. நான் ஏற்பதற்கில்லை. அவர்கள் தம் சாஃப்ட்வேர் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எந்தக் கடிதம் போட்டால் என்ன பதில் வரும் என்ற பட்டியலையாவது கொடுக்கலாமே. ராஸ்பெரி பையின் அந்தப் பட்டியல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. அதனைப் பாராட்டியே ஆக வேண்டும். பெரும்பாலான டிவி பாக்ஸ்களுக்கும் போன்களுக்கும் அதுவும் கிடையாது. தயாரித்தவர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், புதிய சாஃப்ட்வேர் எழுத முன்வரும் மற்றவர்களுக்கு, அந்தப் பக்கத்துடன் பேசும் மொழி தெரிவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18-ல் மெயில் பாக்ஸ்களுக்கென ஒரு பொது அமைப்பு சேர்க்கப்பட்டது. பெட்டியில் போடும் முறை அதனால் பொதுவானது. கடிதத்தின் மொழி மட்டும் இன்னும் அவரவர் ரகசியம்.

இதனைக் கடைக்காரரிடம் கேட்டால் விழிப்பார். நீங்களே பார்த்துவிடலாம். வாங்கப் போகும் சாதனத்தில் என்ன சிப் என்று தெரிந்து கொண்டு, அதன் டேட்டா ஷீட் தயாரித்தவரின் தளத்தில் யாரும் இறக்கிக் கொள்ளும்படி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விலை சற்றுக் கூடினாலும் நான் அப்படிப்பட்டதைத்தான் வாங்குவேன். செலவு பிடிக்கும் காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021-ல் ராஸ்பெரி பை பிக்கோ போர்டு 4 டாலருக்கு வந்தது. அதன் சிப்பில் இரண்டு கோர்கள். நடுவே போக ஒன்று, வர ஒன்று என இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 8 சீட்டுகளுக்கு இடம். இவ்வளவும் அதன் டேட்டா ஷீட்டில் அச்சிட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.