ஓடையைக் கற்கும் பள்ளி

சின்னக்கானல் மலைகளில் பிறக்கும் ஓடைகள் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, பன்னியாறாக இறங்கி, முதிரப்புழை வழியே பெரியாற்றை அடைகின்றன. பன்னியாறு மின்நிலையத்தை இயக்குவது இந்நீரே. ஆனால் அது பிறக்கும் இடத்தில், தேயிலைத் தோட்ட லயங்களில் வளரும் தமிழ்த் தொழிலாளர் குழந்தைகளின் பாடநூலில் பெரியாறு இடம்பெறலாம்; லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை இடம்பெறுவதில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சி கேரளத்துக்குப் புதிதன்று. ஊர்வளங்களை மக்களைக் கொண்டே வரைபடமாக்கும் பணிக்கு வழிகாட்டியது, 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். 2016 டிசம்பரில் இடது ஜனநாயக முன்னணி அரசு ஹரித கேரளம் மிஷனைத் தொடங்கியது. அதன் ‘இனி ஞான் ஒழுகட்டே’ (இனி நான் ஓடட்டும்) இயக்கம் அடைபட்ட ஓடைகளை மக்கள் பங்கேற்போடு மீட்டது. ‘மேப்பத்தான்’ திட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்வழிகளை வரைபடத்தில் ஏற்றியது. மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகங்களில் நீரின் தரத்தைச் சோதிக்கவும் வழி செய்யப்பட்டது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளைகளை ஒருநாள் குப்பை பொறுக்கச் செய்து, படம் எடுத்துக்கொண்டு கலைவது கல்வியன்று. தூர்வாருதல் கூலிக்குரிய உழைப்பு. அது தொழிலாளர்க்கு உரியது. மாணவர் பணி வேறு. ஊற்று எங்கே, எம்மாதம் வற்றுகிறது, மழையில் எவ்வளவு உயர்கிறது, எவ்விடத்தில் நிறம் மாறுகிறது எனக் கண்டு குறிப்பதே அது. அக்குறிப்பேடு நாளடைவில் வேறு கேள்விகளை எழுப்பும். கரையை வளைத்தவர் யார்? கழிவை விடுபவர் யார்? பூச்சிமருந்து எங்கிருந்து கலக்கிறது? இவற்றுக்கு விடை காண வேண்டியவர்கள் பெரியவர்களே.

இது உயிர்ப்பிரச்சினையும் ஆகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் பறிபோயின. மாண்டோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. நீர் இறங்கும் வழியை அறிந்த மக்களின் குரல், பாதுகாப்பான வீடு கேட்கும்போது மேலும் வலுப்பெறும்.

ஆசிரியர் அமைப்புகளும் தோட்டத் தொழிற்சங்கங்களும் ஊராட்சியும் கைகோத்து இப்பணியைத் தொடங்க வேண்டும். தமிழில் ஓடை, மலையாளத்தில் தோடு. வரைபடத்தில் இரு பெயரும் இருக்கட்டும். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்டமிடும் உரிமையை ஊர்மக்களிடம் கொண்டுவந்தது. பிள்ளைகள் வரைந்த படம் பள்ளிச் சுவரோடு நின்றுவிடாமல், அடுத்த கிராம சபையில் விரித்து வைக்கப்பட வேண்டும். அதை அங்கே கொண்டுசேர்ப்பது தோழர்களின் கடமை.