குளிரும் வாயுத் துப்பாக்கியும்

மார்கழி விடியலில் ஊத்துக்குளி வெண்ணெய் கெட்டிப்படுவதையும், சித்திரை நண்பகலில் அதுவே உருகி ஓடுவதையும் அறியாதார் நம்முள் இலர். பண்டம் ஒன்றே, வெப்பத்தின் ஏற்றத்தாழ்வே அதன் குணத்தை மாற்றுகின்றது. இதனை மறந்து, வாயுவினால் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை நீலகிரிக்கு எடுத்துச் செல்லும் இளைஞர், வீண் செலவோடு அபாயத்தையும் தேடிக்கொள்வர் என்பது நம் கருத்து.

இத்துப்பாக்கியின் மேகசினில் பெரும்பாலும் புரோப்பேன் வாயு திரவமாய் அடைபட்டிருக்கின்றது. அதன் ஆவியழுத்தமே குண்டை உந்துவது. 20 பாகை செல்சியஸில் 8 பார் அளவைக் கடந்து நிற்கும் அவ்வழுத்தம், உதகையின் உறைபனிக் காலையில் 0 பாகையை அணுகுங்கால் 5 பாருக்கும் கீழாய்த் தாழ்கின்றது. அன்றியும், திரவம் ஆவியாகுங்கால் சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்தலின், தொடர்ந்து சுடுந்தோறும் மேகசின் மேலும் குளிர்கின்றது. ரப்பர் வளையங்களும் விறைத்து வாயுவைக் கசியவிடுகின்றன. குண்டு தளர்வதும், பூட்டு முழுமையாய்ப் பின்செல்லாமையும் இவற்றின் விளைவே, துப்பாக்கியின் பழுதன்று.

காரணத்தை ஆராயாதார் உடனே நாடுவது இன்னும் வலிய வாயுவையே. நூல் அறுந்தவிடத்து இழுவிசையை மிகுப்பானோ நம் பின்னல் தொழிலாளி? தளர்த்தியன்றோ பார்ப்பான்! அவ்வாறே, தாழ்ந்த அழுத்தத்திலும் பூட்டு இயங்குமாறு மென்மையான சுருள்வில்லையும் இலேசான பூட்டையும் அமைத்தல் வேண்டும். வளையங்களைப் புதுப்பித்துச் சிலிக்கோன் எண்ணெய் இடுக. இரண்டு மேகசின்களைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டில் வைத்து, மாற்றி மாற்றி, இடைவிட்டுச் சுடுக. நெருப்பருகிலேனும் வெந்நீரிலேனும் ஒருபோதும் அவற்றைச் சூடாக்கற்க.

பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிகளிலும் முன்னர்க் கரியமில வாயு வழங்கிற்று. வெப்பத்திற்கேற்ப அதன் அழுத்தம் மாறுதலின், 1990களில் அழுத்தக் காற்று அதன் இடத்தைப் பெறலாயிற்று. சுமார் 200 பாரில் அடைத்த காற்றை, சீராக்கி ஒன்று ஒரே அளவாய் வெளிவிடுகின்றது. வல்லோர் நாடியது மிகுந்த வலிமையை அன்று, மாறாத நிலையையே என்பதை மாணவர் உணர்க.

விளையாட்டுக் கருவிக்கு இத்துணை விசாரம் எதற்கு எனின், விடை கூறுவோம். மலைக்குளிரில் தளர்ந்தது என்று வலிய வாயு கொண்டும் திறப்பைப் பெருக்கியும் முடுக்கிய துப்பாக்கி, கோடையில் ஊத்துக்குளிக்குத் திரும்புகின்றது. 40 பாகையில் புரோப்பேனின் அழுத்தம் 13 பாருக்கு மேற்பட்டு, உறைபனிக் காலையினும் ஏறத்தாழ மும்மடங்காகின்றது. அதன் முன் நிற்பவன் நம் தோழன். அவன் கண்ணோ மீண்டும் வாங்கத்தக்க பொருளன்று.

ஆதலின், இடமும் பருவமும் மாறுந்தோறும் வேகமானியால் குண்டின் வேகத்தை அளந்தறிந்த பின்னரே ஆட்டத்திற்கு இறங்குதல் வேண்டும். கண்காப்பு இன்றி எவரும் களம் புகலாகாது. குளிரை வெல்வது வலிய வாயுவன்று, அளந்தறியும் பொறுமையே என்பது நம் துணிபு.