வரி எமது, கணக்கு யாருடையது?



2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவைகள் தோற்கடிக்கப்பட்டு, அன்றைய முதல்வர் பதவி இழந்தார். யார் எதிர்த்து வாக்களித்தார் என்பதுவரை புலம்பெயர்ந்த எம்மவர்கள் விவாதித்தார்கள். நன்று. ஆனால் டார்ம்ஸ்டாட்டில் வாழும் எம்மவருள் எத்தனை பேர், தாம் வாழும் நகரின் வரவு செலவுத் திட்டத்தை ஒரு தடவையேனும் விரித்துப் பார்த்திருக்கிறோம்?

"அது வெள்ளைக்காரனின் கணக்கு, எமக்கெதற்கு?" என்பது எம்மிடையே அடிக்கடி ஒலிக்கும் பதில். இதைவிடத் தவறான பதில் வேறில்லை. சொந்த வீடு வைத்திருப்பவர் நிலவரி செலுத்துகிறார். வாடகை வீட்டில் இருப்பவரும் ஆண்டுதோறும் வரும் மேலதிகச் செலவுக் கணக்கின் ஊடாக அதே வரியைச் சுமக்கிறார். 2025 ஜனவரி முதல் அந்த வரி புதிய அடிப்படையில் அறவிடப்படுகிறது. அதன் வீதத்தைத் தீர்மானிப்பது பேர்லினும் அல்ல, வீஸ்பாடனும் அல்ல, நகர சபையே.

கணக்கு எழுதும் முறையிலும் அரசியல் உண்டு. பழைய முறையில் காசு வந்தது, காசு போனது என்பது மட்டுமே பதியப்பட்டது. பாடசாலைக் கூரை இற்றுப்போவது எந்த ஏட்டிலும் தெரியாது. திருத்தாமல் விட்டால் சேமிப்புப் போலவே தோன்றும். ஊழியர்களுக்குப் பின்னாளில் கொடுக்கவேண்டிய ஓய்வூதியமும் கண்ணுக்குப் புலப்படாது. 2003 நவம்பரில் யேர்மனிய மாநில உள்துறை அமைச்சர்கள் எடுத்த முடிவின் பின்னர், ஹெஸன் மாநிலமும் நகரங்களை இரட்டைப் பதிவு முறைக்குக் கொண்டுவந்தது. இன்று பெறுமானத் தேய்வும் ஓய்வூதியப் பொறுப்பும் ஏட்டில் ஏறுகின்றன. இன்றைய தலைமுறை அனுபவித்ததற்கான செலவை எம் பிள்ளைகளின் தலையில் சத்தமின்றிச் சுமத்துவது முன்னரைவிடக் கடினமாகியுள்ளது.

ஆனால் வெளிச்சம் முழுமையாக வந்துவிட்டதா? இல்லை. வரவு செலவுத் திட்டம் பல நூறு பக்கங்கள் கொண்ட நூல். யேர்மன் மொழியை நன்கறிந்தவரையும் களைக்க வைக்கும். மின்சாரம், டிராம், வீடமைப்பு, மருத்துவமனை ஆகியவை ஹேயாக், பௌஃபெராயின், கிளினிக்கும் போன்ற நகருக்குச் சொந்தமான நிறுவனங்களிடம் உள்ளன. அவற்றின் கடன் நகரின் சொந்த ஏட்டில் நேரடியாகத் தெரியாது. அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும். மக்களுக்கு விளங்காத கணக்கு, காட்டப்பட்டும் மறைக்கப்பட்ட கணக்கே.

இதில் எமக்கு என்ன நட்டம்? கடன் சுமையிலிருந்த நகரங்களை மீட்பதற்காக ஹெஸன் மாநிலம் 2012 இல் 3.2 பில்லியன் யூரோ வரையான பாதுகாப்புக் குடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. டார்ம்ஸ்டாட்டும் அதன்கீழ் வந்து, சிக்கனத்துக்கு ஒப்புக்கொண்டது. சிக்கனம் என்றதும் எதில் கை வைப்பார்கள்? தீயணைப்பு, சமூக உதவி, பாடசாலைக் கட்டடம் என்பன சட்டம் விதித்த கடமைகள். நூலகம், நீச்சல் தடாகம், இளையோர் நிலையம், சங்கங்களுக்கான உதவி என்பன "விருப்பின் பேரிலானவை". வெட்டுக் கத்தி முதலில் தேடுவது இவற்றைத்தான். எம் பிள்ளைகள் கூடுதலாகப் பயன்படுத்துபவையும் இவைதான். வாய் திறக்காதவரின் பங்கே முதலில் குறைக்கப்படும்.

வாக்குரிமையிலும் அநீதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் நகர சபைக்கு வாக்களிக்கலாம். முப்பது ஆண்டுகள் வரி செலுத்திய இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் வாக்களிக்க முடியாது. 1990 ஒக்டோபரில் யேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் வெளிநாட்டவரின் உள்ளூர் வாக்குரிமையை நிராகரித்தது. இதை நாம் கண்டிக்கிறோம். ஆயினும் கண்டித்துவிட்டு வீட்டில் இருப்பது போதாது. 2024 ஜூன் மாதச் சட்டம் ஐந்து ஆண்டுகளில் குடியுரிமைக்கும் இரட்டைக் குடியுரிமைக்கும் வழி திறந்துள்ளது. குடியுரிமை இல்லாதோருக்கு வெளிநாட்டவர் ஆலோசனைச் சபை உண்டு. அதன் தேர்தலில் வாக்களிக்கவேனும் நாம் செல்கிறோமா?

கணக்குக் கேட்பது எமக்கு அந்நியமான பழக்கம் அல்ல. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவரது நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்று விதித்தது. அந்தப் பெருமையை மேடையில் மட்டும் பேசுவோர், தம் நகரத்தின் கணக்கைக் கேட்கத் தயங்குவது ஏன்?

நகர சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. இளையோர்களே, யேர்மன் மொழி உங்கள் கையில் உள்ளது. திட்டத்தின் முன்னுரை அறிக்கையை வாசித்து, உங்கள் பெற்றோருக்குத் தமிழில் விளக்குங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளோடு பார்வையாளர் வரிசையில் அமருங்கள். உறுப்பினர்களிடம் எழுத்தில் கேளுங்கள். விருந்தாளி வீட்டுக் கணக்கைக் கேட்பதில்லை. நாம் இங்கு விருந்தாளிகள் அல்லர்.